எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்

ஆய்வுக்கு யாராவது வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டால், கதிர்முடி மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியில் முதல் வேலையாகக் கழிப்பறைகளைக் கழுவிப் பூட்டிவிடுவார்கள். புழங்கினால்தானே அழுக்காகும். அடுத்து, மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு அன்று மட்டும் ‘வீட்டிலிருந்து கற்கும் சலுகை’ வழங்கப்படும். மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஒத்திகை. கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும்; விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. கேட்பவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிட வேண்டும். பாடத்துக்கு வெளியே எதைக் கேட்டாலும், குடிக்கத் தண்ணீர் வருகிறதா, வாத்தியார் அடிக்கிறாரா என்று எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும், அதற்கு ஒரே பதில்தான்: “எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்.”

இந்தப் பதிலைப் பிள்ளைகளின் நாக்கில் ஏற்றும் வேலை பன்னிரண்டு ஆண்டுகளாகத் தமயந்தி டீச்சரின் தலையில் விழுந்திருந்தது. அவள் அந்தப் பள்ளியின் சிறப்பாசிரியை. பஸ் கொட்டகைக்குப் பின்னால், முன்பு முட்டை அட்டைகள் அடுக்கியிருந்த அறையில், ஆறேழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சட்டைக்குப் பித்தான் போடவும், பசித்தால் பசிக்கிறது என்று சொல்லவும், ரோட்டைக் கடக்கவும் கற்றுக்கொடுப்பவள். பாடம் நடத்தாதவர் சும்மா இருப்பவர் என்பது பள்ளியின் சித்தாந்தம். சும்மா இருப்பவர்தானே ஒத்திகை பார்க்கலாம். போதாததற்கு, மாதேஸ்வரனுக்கே பித்தான் போடக் கற்றுக்கொடுத்தவரால் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியும் என்று முதல்வர் ஒரு கூட்டத்தில் மனம் திறந்து பாராட்டியும் வைத்திருந்தார்.

மாதேஸ்வரனுக்குப் பதின்மூன்று வயது. மனசுக்கு நாலு வயதுதான் என்று டாக்டர் சொன்னதாக அவன் அம்மா ருக்குமணி சொல்வாள். தமயந்திக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வான். தனக்கு வேண்டியதை மட்டும் சொல்ல வராது. வயிறு வலித்தாலும், கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தாலும் இடது காதைப் பிடித்து இழுப்பான். அந்த ஒரு காதை வாசிக்கப் பழகவே தமயந்திக்கு ஒரு வருஷம் பிடித்தது. சரியான பதில் சொன்னால் அவள் இரண்டு தடவை கை தட்டுவாள். அந்தக் கைத்தட்டலுக்காக அவன் என்ன வேண்டுமானாலும் செய்வான்.

ஆய்வு நாட்களில் மற்றவர்களைப்போல் அவனை வீட்டுக்கு அனுப்ப வழியில்லை. ருக்குமணி முட்டைக் கிடங்குக்கு வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே ஒத்திகை நடக்கும் வகுப்பின் மூலையில் அவனுக்கும் ஒரு ஸ்டூல் உண்டு. வருஷாவருஷம் கேட்டுக் கேட்டு அத்தனை பதிலும் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. வகுப்பு மொத்தமும் சொல்லி முடித்தபின் அவன் குரல் மட்டும் தனியாக வரும்: “எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்.” பிள்ளைகள் சிரிப்பார்கள். தமயந்தி இரண்டு தடவை கை தட்டுவாள்.

இந்த நிலையில்தான் தலைநகரில் கற்றல் சமநிலை ஆணையம் என்று ஒன்று முளைத்தது. கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள மாணவர்களைப் பள்ளிதோறும் கண்டுபிடித்து உரிய வகுப்பில் சேர்ப்பது அதன் வேலை. டாக்டர் ஒன்று சொல்ல, டீச்சர் ஒன்று சொல்ல, பெற்றோர் அழ, எண்ணிக்கை மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறதாம். மனிதர்களை நம்ப முடியவில்லை என்பதால் ஒரு கருவி செய்தார்கள். கருப்பாக, வட்டமாக, ஒரு கம்பியின் மேல் நிற்கும். அரசாணையில் அதன் பெயர் ‘அறிதிறன் அளவி’. பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் வைத்த பெயர் தோசைக்கல்.

தோசைக்கல்லுக்கு முன்னால் பிள்ளை உட்கார வேண்டும். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு பெண் குரல் கேள்வி கேட்கும். பதிலைக் கேட்டுக்கொண்டு பச்சை எரிந்தால் ‘இயல்பு’. ஆரஞ்சு எரிந்தால் ‘மலர்ச்சி’. குறைபாடு என்ற சொல் மனதைப் புண்படுத்துகிறது என்று ஒரு குழு ஓராண்டு கூடிக் கலைந்து அந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருந்தது. மலர்ந்தவர்கள் பொதுத்தேர்வு எழுத வேண்டியதில்லை. விரும்பினாலும் எழுத முடியாது.

கருவிக்குச் சாதாரணப் பிள்ளை என்றால் என்ன என்று முதலில் காட்டியாக வேண்டும் அல்லவா. அதற்கு ஒரு மாதிரிப் பள்ளி தேவைப்பட்டது. தாளாளர் சென்னியப்பன் முந்திக்கொண்டார்.

சென்னியப்பன் கோழிப்பண்ணையிலிருந்து கல்விக்கு வந்தவர். அதை மறைக்கவும் மாட்டார். தீவனம், வெளிச்சம், நேரம் இதெல்லாம் ஒழுங்காக இருந்தால் விளைச்சல் தன்னால் வரும் என்பது அவருடைய கல்விக் கொள்கை. ஓர் அமைப்பு அவருக்குக் ‘கல்விப் பேரொளி’ என்று பட்டம் கொடுத்திருந்தது. அந்த அமைப்பின் தலைவரும் அவர்தான்.

எந்தப் பொறுக்கலும் இல்லாத, எல்லாரும் கலந்த, சாதாரண வகுப்பு வேண்டும் என்றுதான் ஆணையம் கேட்டிருந்தது. சென்னியப்பன் அதைப் படித்தார். படித்தும் என்ன, வெளியாட்கள் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்றால் அவரைப் பொறுத்தவரை அது ஆய்வு. கழிப்பறைகள் பூட்டப்பட்டன. சலுகைகள் வழங்கப்பட்டன. எல்லா வகுப்பிலும் ‘ஏ’ பிரிவிலிருந்து முதல் பெஞ்சைப் பொறுக்கி எடுத்துத் தமயந்தியிடம் ஒப்படைத்தார்கள். சாதாரணப் பிள்ளைகளைத்தானே கேட்டிருக்கிறார்கள் என்று அவள் முதல்வரிடம் மெல்ல இழுத்துப் பார்த்தாள். “நம்ம ஸ்கூல்ல எதுங்க டீச்சர் சாதாரணம்?” என்றார் அவர், பெருமையோடு.

ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் பட்டாசு மாதிரி வெடித்தார்கள். ஆணையத்தின் ஆட்கள் அசந்துபோய், எல்லாவற்றையும் தோசைக்கல்லுக்குக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த கல்வியாண்டில் தோசைக்கல் மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. கதிர்முடிக்கும் வந்தது, இந்த முறை உண்மையான கணக்கெடுப்புக்கு.

ஏழாம் வகுப்பு இளம்பிறை லாரி ஓட்டுநரின் மகள். கேட்டதும் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதனாலேயே எந்த ஆய்வுக்கும் அவள் பள்ளியில் இருந்ததில்லை. வானம் என்ன நிறம் என்று கருவி கேட்டது. அவள் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “இப்பவா? அந்தப் பக்கம் வெள்ளை, மலைப்பக்கம் சாம்பல்,” என்றாள். ஆரஞ்சு எரிந்தது.

அவளுக்குப் பின்னால் மாதேசு. தமயந்திதான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பெயர்? மாதேஸ்வரன். ஊர்? புதுச்சத்திரம். வானத்தின் நிறம்? நீலம். ஐந்தும் நான்கும்? ஒன்பது. குரல் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. கண் இமைக்கவில்லை. பள்ளி எப்படி இருக்கிறது என்று கடைசியாகக் கேட்டது.

“எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்.”

பச்சை எரிந்தது. அவன் திரும்பித் தமயந்தியின் கைகளைப் பார்த்தான். பழக்க தோஷம், அவள் இரண்டு தடவை தட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை ருக்குமணி பால்கோவா டப்பாவோடு வந்து நின்றாள். கிடங்கு முழுக்கக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்திருந்தாள். டீச்சரின் காலில் விழப் போனவளைத் தமயந்தி பிடித்து நிறுத்தினாள். “எத்தன டாக்டருங்க, எத்தன கோயிலுங்க. எம் பையனப் பாத்து ஒருத்தரு வாயில நல்ல சொல்லு வந்ததில்ல. மிசினு சொல்லிப்போட்டுதுங்களே டீச்சர், இவன் சாதாரணப் பையன்னு.” சாதாரணம் என்ற சொல்லை அவள் ஐஏஎஸ் என்பதுபோல் சொன்னாள்.

தமயந்தி பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டாள். வேறென்ன செய்ய முடியும்.

மாதேசு ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குப் போனான். தமயந்தியின் பழைய பிள்ளைகளில் இன்னும் இரண்டு பேர் அப்படியே பச்சையில் போனார்கள். முட்டை அட்டை அறையில் புதிய பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். இளம்பிறை; கேள்வியைக் கேட்டுவிட்டு எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்ட ஒரு பையன்; திக்குவாய்ப் பிள்ளைகள் இருவர்; தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து வாயைத் திறக்காத ஒரு குட்டி. எல்லாருக்கும் கழுத்தில் ஆரஞ்சு அட்டை. வெள்ளிக்கிழமை தோறும் ‘தொழில் அறிமுகம்’ என்று தாளாளரின் தம்பி பண்ணையிலிருந்து வேன் வரும். இருட்டுக் கொட்டகையில் பல்பு வெளிச்சத்துக்கு நேராக முட்டையைப் பிடித்து நல்லது, கெட்டது பிரிக்க வேண்டும். இளம்பிறை ஒவ்வொரு முட்டையையும் ரொம்ப நேரம் பார்க்கிறாள் என்று அங்கிருந்தும் புகார் வந்தது.

மாதேசைப் பற்றிப் புகாரே இல்லை. கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறான், குறும்பு கிடையாது என்று ‘பி’ பிரிவு ஆசிரியர்கள் மெச்சினார்கள். அவன் சில நாள் கால்சட்டையை நனைத்துக்கொண்டான். அதற்கு அபராதமாகப் பெஞ்சின் மேல் ஏறி நின்றான். இறங்கச் சொல்ல மறந்துபோனார்கள் என்பதால் ஒருநாள் சாயங்காலம் வரைக்கும் நின்றான்.

பிறகு பள்ளி வேனின் கதவு. காலையில் இறங்கும்போது கதவு இடித்து அவன் வலது கை விரல்கள் மூன்று நசுங்கின. கிளீனர் என்னடா ஆச்சு என்று கேட்டிருக்கிறான். எல்லாம் நல்லா இருக்குதுங்க சார். வகுப்பாசிரியை ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார். எல்லாம் நல்லா இருக்குதுங்க சார். மாலை மணி அடித்து வரிசையாகப் பிள்ளைகள் போகும்போது, பஸ் கொட்டகைப் பக்கம் நின்றிருந்த தமயந்தி, இடது கையால் இடது காதைப் பிய்த்துவிடுகிற மாதிரி இழுத்துக்கொண்டு ஒரு பையன் போவதைப் பார்த்தாள். வலது கையை அவன் பின்னால் வைத்திருந்தான். அது கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

அவனைக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவிட்டு வந்த அன்றே அவள் தாளாளரின் அறைக்குப் போனாள். மாதேசைத் தன் வகுப்புக்குத் திருப்பித் தரவேண்டும், கருவி தப்பாகப் பார்த்துவிட்டது என்றாள்.

சென்னியப்பன் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்தார். “அம்மிணி, நாப்பது வருசமா முட்டையப் பல்புல பிடிச்சுப் பாத்தவன் நானு. உள்ளார கூமுட்டைன்னா வெளிச்சம் காட்டிக் குடுத்துரும். முட்டைகிட்டப் போயி நீ எப்படி இருக்கறேன்னு கேக்கறதில்ல. கோழி என்ன சொல்லுதுன்னும் கேக்கறதில்ல.” கருவிக்கு மாதிரியாக இருந்த பள்ளியே கருவி தப்பு என்று சொன்னால் ஊர் சிரிக்கும் என்பதையும், ஆணையத்தின் பெரியவர்கள் விருது கொடுக்க வரப்போகிறார்கள் என்பதையும், அதற்கான ஒத்திகையை அவள்தான் பார்க்க வேண்டும் என்பதையும் அடுத்தடுத்துச் சொன்னார். மோர் நன்றாக இருந்தது.

கருவியைத் துடைத்துச் சரிபார்க்க மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து ஸ்ரீவத்சன் என்ற இன்ஜினீயர் வருவான். தமயந்தி அவனைக் கேன்டீனில் பிடித்தாள். மிஷின் எப்படி மூளையைப் பார்க்கிறது என்பதில் பேச்சு ஆரம்பித்தது.

“மூளையெல்லாம் பார்க்கிறதில்லை மேடம்,” என்றான் அவன், வடையைப் பிய்த்தபடி. “சாதாரணப் பிள்ளைங்க எப்படி இருப்பாங்கன்னு ஒரு தடவை அதுக்குக் காட்டினோம். கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துடும். கண்ணு அங்க இங்க போகாது. அந்த மாதிரி இருந்தா பச்சை. இல்லைன்னா ஆரஞ்சு. பதில் சரியா தப்பான்னுகூட அது அவ்வளவா கண்டுக்காது.”

“யாரைக் காட்டினீங்க?”

“என்ன மேடம், உங்க ஸ்கூலைத்தான். இவ்வளவு க்ளீனா எங்கயும் கிடைக்கலை.”

தமயந்தி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். “அது ஒத்திகைங்க. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளைங்க யோசிக்கவே இல்லை. யோசிக்கக் கூடாதுன்னுதான் ஒரு வாரம் பழக்கினேன்.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். சுற்றிலும் பார்த்தான். “இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க,” என்றான்.

தப்பு என்று தெரிந்தால் மாற்றலாமே என்று அவள் கேட்டாள். மாநிலம் பூரா அத்தனை பிள்ளைகளையும் பிரித்து அட்டை மாட்டியாகிவிட்டது, இனிமேல் எல்லாமே தப்பு என்று சொன்னால் யார் பொறுப்பேற்பது என்று அவன் திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்விக்கு அவன் பதிலும் எதிர்பார்க்கவில்லை. “ஒரே ஒரு பையன் விஷயத்துல மட்டும் தப்புன்னு சொல்லுங்க. அதுக்கு வழி இருக்கு. மேல்முறையீடு பண்ணலாம்.”

“யாருகிட்டங்க?”

“அளவிகிட்டதான்.”

முறையீடு செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறார்களாம். ஆகவே முறையிடுபவரின் தெளிவையும் கருவியே முதலில் சோதித்துவிடும். சாதாரணக் கேள்விகள்தான். பச்சையாகவே போனால் உங்கள் குறை என்ன என்று கேட்கும், சொன்னால் பதிவாகிவிடும், பையன் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவான். நடுவில் ஆரஞ்சு எரிந்தால் முறையீடு செல்லாது. முறையிட்டவருக்கு அட்டை உண்டா என்று தமயந்தி கேட்டாள். ஆசிரியர்களுக்கும் அதைக் கொண்டுவருவது பற்றி ஆணையத்தில் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான் ஸ்ரீவத்சன். பாதி வடையை வைத்துவிட்டு எழுந்து போனான்.

தமயந்தி இயல்பிலேயே நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவள். சொல் எளிதில் வராத பிள்ளைகளோடு பேசிப் பேசி, ஒரு கேள்விக்குப் பின் காத்திருப்பதே அவள் தொழிலாகிப் போயிருந்தது. தோசைக்கல்லுக்கு அது ஆகாது. ஆகவே அவள் தனக்கே ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பார்க்க ஆள் யார்? இளம்பிறைதான் முன்வந்தாள். கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். டீச்சர் தாமதித்தால் மேசையில் ஒரு தட்டு.

“வானம் என்ன நிறம்?”

“ம்... நீலம்.”

ஸ்கேல் விழுந்தது. “அந்த ‘ம்’ல மாட்டிக்குவீங்க டீச்சர். யோசிக்காதீங்க. நாந்தான் யோசிச்சு இங்க வந்து உக்காந்திருக்கறேன்ல.”

சொல்ல வேண்டிய குறையையும் இருவருமாகச் சுருக்கினார்கள். முதலில் அது ஒரு பக்கத்துக்கு இருந்தது. கடைசியில் ஒரே வாக்கியம்: மாதேசுக்கு வலித்தால் சொல்லத் தெரியாது. தமயந்தி அதைப் பஸ்ஸில் சொன்னாள். அரிசி களையும்போது சொன்னாள். அதே வாரத்தில்தான் விருது விழாவும் வந்தது. காலையில் நானூறு பிள்ளைகளைக் குரல் ஒன்றுபோல் எழும்பும் வரை பழக்கிவிட்டு, மத்தியானம் முட்டை அட்டை அறையில் தன் வாக்கியத்தை இளம்பிறைக்கு ஒப்பிப்பாள். விழாவில் பெரியவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். சென்னியப்பனுக்குப் பொன்னாடை. தோசைக்கல்லுக்கும் ஒரு பொன்னாடை.

மறுநாள் முறையீடு. முதல்வர் அறையில் தோசைக்கல் பொன்னாடையோடேயே நின்றது. சென்னியப்பன் சாட்சிக்காகப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெளியே தாழ்வாரத்தில் ருக்குமணியும், விரல்களில் கட்டோடு மாதேசும். எதற்காக வரச் சொன்னார்கள் என்று ருக்குமணிக்குத் தெரியாது. இன்னொரு பரிசாக இருக்கும் என்று பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அவளைத் தாண்டி உள்ளே போகும்போது தமயந்தியால் அந்தப் புடவையைப் பார்க்க முடியவில்லை.

“உங்கள் பெயர்?” என்றது குரல்.

“தமயந்தி.”

“நீங்கள் பணிபுரியும் பள்ளி?”

“கதிர்முடி.”

“வானத்தின் நிறம்?”

“நீலம்.” வெளியே மழை கட்டிக்கொண்டு கருத்திருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பச்சை.

“ஐந்தும் நான்கும்?”

“ஒன்பது.” பச்சை. எத்தனை சுலபம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சரிவில் சைக்கிள் தானாக ஓடுவதுபோல் வாய் ஓடியது. பெடலை மிதிக்கவே வேண்டாம். கேள்விகள் வர வர, பதில்கள் அவளைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன. பின்னால் சென்னியப்பன் தொண்டையைச் செருமினார், ஒத்திகையின்போது வகுப்பு வாசலில் நின்று செருமுகிற அதே செருமல்.

“மாணவர் மாதேஸ்வரன் தொடர்பாக நீங்கள் தெரிவிக்க விரும்பும் குறை என்ன?”

“எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்.”

சொன்னது யார் என்று ஒரு கணம் அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பையன் பக்கத்தில் நிற்கிறானோ என்றுகூடத் தோன்றியது. இளம்பிறையோடு சேர்ந்து செய்த வாக்கியத்துக்கு வயது ஒரு வாரம். இதற்குப் பன்னிரண்டு வருஷம்.

பச்சை, இதுவரை எரிந்ததைவிடப் பிரகாசமாக எரிந்தது. “நன்றி. உங்கள் பதில் தெளிவாக இருந்தது. முறையீடு தீர்க்கப்பட்டது,” என்றது குரல்.

“இல்லை,” என்றாள் தமயந்தி. “நான்... நான் சொல்ல வந்தது...”

தோசைக்கல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் சொல் தேடிய இடைவெளியில் பச்சையின் ஓரம் மெல்லப் பழுக்கத் தொடங்கியது. மஞ்சளாகி, ஆரஞ்சை நோக்கி நகர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். கழுத்தில் ஏதோ உறுத்தியதுபோல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். பச்சை திரும்பி வந்தது.

“அதானே,” என்றார் சென்னியப்பன், எழுந்து வேட்டியைச் சரிசெய்தபடி. “நம்ம டீச்சரம்மா நம்ம ஸ்கூல விட்டுக் குடுக்குமா.”

தாழ்வாரத்தில் ருக்குமணி ஆவலோடு எழுந்து நின்றாள். என்ன கொடுத்தார்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பையனைப் பற்றி நல்லபடியாகச் சொன்னேன் என்றாள் தமயந்தி. அது பொய்யும் இல்லை.

மாதேசு தூணோரம் நின்று இடது காதை இழுத்துக்கொண்டிருந்தான். மடல் சிவந்திருந்தது. எவ்வளவு நேரமாக இழுத்துக்கொண்டிருக்கிறானோ. தமயந்தி அவன் முன்னால் குனிந்தாள்.

“மாதேசு. எங்கடா கண்ணு வலிக்குது?”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. “எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்.”

சொல்லிவிட்டு, ஒரு கையால் காதைப் பிடித்தபடியே, அவள் கைகள் எப்போது தட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.